பாயிண்ட் புல்லட்டுக்கு டைமிங் வைப்பது எப்படி

இங்கே சொல்லப்போவது பாயிண்ட் (திறந்ததும் பிளக்கில் பொறியை எழுப்பும் சின்ன ஸ்விட்ச்) வைத்த பழைய ராயல் என்ஃபீல்ட் புல்லட் 350 பற்றி மட்டும். பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கும்போது அந்தப் பொறி வர வேண்டும் என்பதுதான் டைமிங். வார்ப்பிரும்பு பேரல், நாலு கியர், கியரும் கிக்கரும் வலது காலில், கைப்பிடியில் டிகம்ப்ரஸர் லீவர் (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விட்டு உதையை இலகுவாக்குவது), ஹெட்லைட் தலையில் ஆம்பியர் மீட்டர். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்து, 1955-இல் மெட்ராஸுக்கு வந்து, திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றம் இல்லாமல் வார்க்கப்பட்ட அதே எஞ்சின். எலெக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள புல்லட்டுகளுக்கு இதில் பாதி பொருந்தாது, அவற்றில் இவ்வளவு வேலையும் கிடையாது.

முதலில் ஓர் எச்சரிக்கை. ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பாயிண்டைத் தாங்கும் டைமிங் தட்டைத் திருப்பக் கை வைப்பவர்கள் அதிகம். நேற்று வரை ஓடிய வண்டியில் டைமிங் ராத்திரியோடு ராத்திரியாக இடம் மாறாது. தட்டின் ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் மாறலாம், அது பார்த்த உடனே தெரியும். மற்றபடி காரணம் பெரும்பாலும் பாயிண்ட் அழுக்கு, பாயிண்ட் இடைவெளி, கண்டென்சர் (பாயிண்ட் முகத்தில் பொறி பறக்காமல் காப்பது), பிளக் இவற்றில் ஒன்றுதான். ஆகவே தட்டைத் தொடுமுன் அது இப்போது இருக்கும் நிலையில், தட்டுக்கும் அது உட்காரும் வீட்டுக்கும் (ஹவுசிங்) சேர்த்து ஊசியால் ஒரு கீறல் போட்டுவிடுங்கள். எதுவும் சரிப்படாவிட்டால் பழைய இடத்துக்காவது திரும்பலாம்.

டைமிங் தவறினால் வண்டி எப்படிக் காட்டும்

அட்வான்ஸ் அதிகமானால், அதாவது பொறி சீக்கிரம் வந்தால், கிக்கர் திருப்பி அடிக்கும். லேசாக அல்ல, கணுக்காலைப் பதம் பார்க்கும் அளவுக்கு. மேட்டில் டாப் கியரில் முறுக்கினால் எஞ்சின் தலையிலிருந்து 'டிங் டிங்' என்று சத்தம் வரும். ஸ்லோவில் எஞ்சின் நின்று நிதானித்து அடிக்காமல் பதறும். அந்தப் புகழ்பெற்ற 'டக்... டக்' வராது.

ரிடார்ட் ஆனால், அதாவது பொறி தாமதமானால், எல்லாம் மந்தம். கிக்கர் சுலபமாக இறங்கும், ஸ்டார்ட்டும் ஆகும், ஆனால் இழுவை இராது. சைலன்சர் குழாய் ஹெட்டை ஒட்டிய இடத்தில் நீலம் பாயும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், த்ராட்டில் விட்டதும் சைலன்சரில் வெடிக்கும். சூடாகும் புல்லட்டைப் பார்த்து 'அட்வான்ஸ் ஜாஸ்தி' என்று சொல்லி இன்னும் ரிடார்ட் செய்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. எரிவது தாமதமாகத் தொடங்கினால் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். அந்தச் சூடு முழுவதும் ஹெட்டுக்கும் குழாய்க்கும்தான் போகும்.

தேவையானவை

ஃபீலர் கேஜ், ஸ்லைடு காலிப்பர், பிளக் ஸ்பேனர், இரண்டு மூன்று அளவில் ஸ்க்ரூடிரைவர், பாயிண்ட் தேய்க்கும் மெல்லிய அரம், 12 வோல்ட் 5 வாட் பல்ப் ஒன்று, அதன் இரு முனைக்கும் பல் கிளிப் வைத்த ஒயர். 6 வோல்ட் வண்டி என்றால் 6 வோல்ட் பல்ப். இவற்றோடு ஒரு பழைய பிளக். அதன் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, வெறும் உடலுக்குள் தாராளமாக நழுவும் தடிப்பில் நேரான ஒரு கம்பி, முனை மழுங்கலாக. சைக்கிள் ஸ்போக்கை நேராக பிளக் ஓட்டையில் விட்டும் பார்க்கிறார்கள். அது ஆடும், சாயும், பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே மாட்டி வளையவும் செய்யும். பிளக் உடல் வழிகாட்டியாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. கம்பி உள்ளே இருக்கும்போது கிக்கரைத் தொடவே கூடாது.

பாயிண்ட் முதலில், டைமிங் பிறகு

இந்த வரிசையை மாற்றினால் செய்ததெல்லாம் வீண். பாயிண்ட் இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆகும். குறைந்தால் தாமதமாகத் திறக்கும், ரிடார்ட் ஆகும். டைமிங் வைத்து முடித்துவிட்டு 'இடைவெளியையும் ஒரு தடவை பார்த்துவிடலாம்' என்று தொட்டால் டைமிங் போய்விட்டது என்று அர்த்தம்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போடுங்கள். பின்சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுழற்றினால் எஞ்சின் சுழலும். வலது பக்கம் சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் வட்ட மூடியைக் கழற்றினால் பாயிண்ட், கண்டென்சர், நடுவே சுழன்று பாயிண்டைத் திறக்கும் கேம், எல்லாவற்றையும் தாங்கும் தட்டு தெரியும்.

பாயிண்டின் இரு முகங்களையும் விரித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் நல்லது. ஒன்றில் மேடும் மற்றதில் குழியுமாக இருந்தால் கண்டென்சர் சரியில்லை என்று சந்தேகப்படலாம். கறுத்து எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் கிரீஸ் அதிகம் வைத்திருக்கிறார்கள், அல்லது ஷாஃப்ட் வழியாக ஆயில் ஏறுகிறது. மேட்டை மட்டும் அரத்தால் மட்டப்படுத்துங்கள், குழி முழுவதும் மறையும் வரை தேய்க்க வேண்டியதில்லை. உப்புத்தாள் வேண்டாம். அதன் துகள் முகத்தில் பதிந்து, அடுத்த நாளே கரியாகிவிடும். கடைசியில் பெட்ரோலில் நனைத்த அட்டைத் துண்டை இரு முகங்களுக்கும் நடுவே வைத்து இழுத்து எடுங்கள், அட்டை சுத்தமாக வரும் வரை.

இப்போது சக்கரத்தைச் சுழற்றி, பாயிண்டின் ஃபைபர் குதிகால் கேமின் உச்சியில் ஏறி நிற்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். 0.35 தகடு தாராளமாக நுழைய வேண்டும், 0.40 லேசாகப் பிடித்து இழுபட வேண்டும். லாக் ஸ்க்ரூவைக் கொஞ்சம் மட்டும் தளர்த்தி நிலைப் பாயிண்டை நகர்த்துங்கள். முழுக்கத் தளர்த்தினால் இறுக்கும்போது நழுவும். எப்படியும் இறுக்கிய பிறகு ஒரு தடவை அளக்காமல் விடக் கூடாது, ஸ்க்ரூ இறுகும்போது இடைவெளி நகர்வது வழக்கம். ஃபீலர் தகட்டில் இருக்கும் எண்ணெய் பாயிண்ட் முகத்தில் ஒட்டிக்கொண்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அளந்து முடித்ததும் மறுபடி அட்டையை இழுத்துவிடுங்கள்.

புது பாயிண்ட் போட்டிருந்தால் ஃபைபர் குதிகால் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தேயும், இடைவெளி சுருங்கும். அதனால் 0.40 பக்கமே வைத்துவிட்டு, 500 கி.மீ. ஓடியதும் திரும்பப் பார்க்க வேண்டும். கேமில் கிரீஸ் ஒரு பூச்சு போதும். அதிகம் வைத்தால் சூட்டில் உருகித் தெறிக்கும்.

ஆட்டோ அட்வான்ஸை மறக்காதீர்கள்

தட்டுக்குப் பின்னால் இரண்டு எடைக்கட்டிகளும் இரண்டு சின்ன ஸ்பிரிங்குகளும் உள்ள ஆட்டோ அட்வான்ஸ் யூனிட் இருக்கிறது. எஞ்சின் வேகம் கூடினால் எடைக்கட்டிகள் விரிந்து கேமை முன்னால் திருப்பும், வேகம் குறைந்தால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கு இழுக்கும். எஞ்சின் நின்றிருக்கும்போது கேம் முழு ரிடார்ட் நிலையில் இருக்க வேண்டும். நாம் வைக்கும் டைமிங் அந்த நிலைக்குத்தான்.

கேமை விரலால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். ஒரு திசையில் கொஞ்சம் சுழன்று, விட்டதும் 'டக்' என்று தானாகத் திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினாலோ பாதியில் நின்றாலோ யூனிட்டைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, எடைக்கட்டிகளின் பின்களில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். இழுபட்ட ஸ்பிரிங்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இந்த யூனிட் அட்வான்ஸில் சிக்கிக்கொண்டால் தட்டை எங்கே வைத்தாலும் கிக்கர் திருப்பி அடிக்கும். ரிடார்டில் சிக்கினால் ஸ்லோ அழகாக இருக்கும், ஆனால் 50 கி.மீ. வேகத்தைத் தாண்டி வண்டி ஏறாது. டைமிங் பலமுறை வைத்தும் சரிவராத பாதி புல்லட்டுகளுக்கு வியாதி இதுதான்.

பிஸ்டனை 0.8-இல் நிறுத்துவது

350-க்கு அளவு: முழு ரிடார்டில், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். 90 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள இந்த எஞ்சினில் அது கிராங்க் கணக்கில் 9 முதல் 10 டிகிரி வரை வரும்.

பிளக் ஓட்டையில் கட்டைவிரலை அழுத்தி சக்கரத்தைச் சுழற்றுங்கள். காற்று விரலைத் தள்ளினால் கம்ப்ரஷன். பேரல் அடியிலுள்ள டாப்பட் மூடியைத் திறந்தும் பார்க்கலாம், கம்ப்ரஷன் உச்சியில் இரண்டு புஷ் ராடும் விரலால் சுழலும். (எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ராடு சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. திறந்ததுதான் திறந்தீர்கள், அதையும் சரிபார்த்துவிடுங்கள்.)

பிறகு பீங்கான் எடுத்த பிளக்கை முறுக்கி, கம்பியை உள்ளே விடுங்கள். கம்பியின் மேல்முனை பிளக் உடலுக்கு வெளியே எவ்வளவு நீட்டி நிற்கிறது என்பதைக் காலிப்பரால் அளக்க வேண்டும். சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கம்பி அதிகபட்சம் நீளும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதுதான் உச்சி. உச்சியில் பிஸ்டன் சில டிகிரிக்கு அசையாமல் நிற்பது போலத் தெரியும், 'சரியான இடம் எது' என்ற குழப்பம் வரும். உயரத்தை மட்டும் அளப்பவருக்கு அந்தக் குழப்பம் தேவையில்லை, அதிகபட்ச உயரம் அங்கே மாறாதே. 42.6 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். புல்லட் ஹெட்டில் பிளக் சாய்ந்து நிற்கிறது. கம்பியும் அந்தச் சாய்வில்தான் நகரும், அதனால் பிஸ்டன் 0.8 மி.மீ. ஏறினால் கம்பி அதைவிடக் கொஞ்சம் அதிகம் நகரும். சிலிண்டர் அச்சிலிருந்து கம்பி 20 டிகிரி சாய்ந்தால் 0.85, 30 டிகிரி சாய்ந்தால் 0.92. பள்ளிக்கூட கோணமானியை வைத்தே சாய்வை அளந்துவிடலாம். 0.9 என்று வைத்துக்கொண்டாலும் தவறு பெரிதாக வராது. ஆனால் இதே கம்பி முறையில் வேறு யாரோ சொன்ன அளவை அப்படியே எடுத்துக்கொண்டால், அவர் எந்த ஓட்டை வழியாக அளந்தார் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றி, கம்பி ஐந்தாறு மி.மீ. இறங்கும் வரை விடுங்கள். பிறகு முன்னோக்கி மெதுவாகக் கொண்டுவந்து, 42.6-இலிருந்து 0.9 கழித்து 41.7 வரும்போது நிறுத்துங்கள். கடந்துவிட்டால் அங்கேயே பின்னால் இழுக்கக் கூடாது. மறுபடி நன்றாகப் பின்னால் போய், முன்னோக்கி வரவேண்டும். கேமை ஓட்டும் பல்சக்கரங்களுக்கிடையே எப்போதும் கொஞ்சம் தளர்வு இருக்கும். பின்னோக்கி வந்து நிறுத்தினால் அந்தத் தளர்வு முழுவதும் கணக்கில் பிழையாக ஏறும். டாப் கியரில் டயர் விளிம்பு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே கிராங்க் 8, 10 டிகிரி போய்விடும், ஆகவே அவசரம் உதவாது. சக்கரத்தைப் பிடிக்க இன்னொருவர் இருந்தால் நல்லது.

இதைவிடத் துல்லியம் வேண்டுமென்றால் இடது பக்கம் பிரைமரி மூடியைக் கழற்றி, கிராங்க் நுனியில் டிகிரி தட்டு பொருத்தலாம். அங்கே உச்சியை உயரத்தை வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாது, மேலே சொன்ன அந்த அசையாத சில டிகிரியில் ஏமாந்துவிடுவோம். கம்பி உச்சிக்கு 5 மி.மீ. கீழே இருக்கும் இடத்தை ஒரு தடவை ஏறும்போதும், ஒரு தடவை உச்சி தாண்டி இறங்கும்போதும் தட்டில் குறித்து, இரண்டுக்கும் சரிபாதியில் பூஜ்ஜியம் வைக்க வேண்டும். மூடியைத் திறந்தால் ஆயில் கொட்டும் என்பதையும், மூடும்போது லெவல் ஸ்க்ரூ வரை புதிதாக ஊற்ற வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பல்ப் எரியும் இடம்

பல்பின் ஒரு கிளிப்பைப் பாயிண்டுக்கு ஒயர் வரும் டெர்மினலில் மாட்டுங்கள், இன்னொன்றை எஞ்சின் உடலில். சாவியைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது கரண்ட் அதன் வழியாகவே இறங்கிவிடும், பல்ப் எரியாது. பாயிண்ட் திறந்த நொடியில் பல்ப் சற்று மங்கலாக எரியும், காயிலும் (பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் சுருள்) அதே பாதையில் இருப்பதால் முழு வெளிச்சம் வராது. அந்த நொடிதான் ஸ்பார்க்.

பல்ப் இல்லாவிட்டால் ஆம்பியர் மீட்டரே போதும். ஸ்டார்ட் செய்ய முள்ளை நடுவே கொண்டுவந்து டிகம்ப்ரஸரைப் பிடிக்கிறோமே, அதே முள். விளக்குகளை எல்லாம் அணைத்திருந்தால், பாயிண்ட் மூடியிருக்கையில் முள் டிஸ்சார்ஜ் பக்கம் மூன்று நாலு ஆம்பியர் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். பல்பு அளவுக்குக் கூர்மையாகத் தெரியாது, நடுவழியில் டைமிங் பார்க்க இது தாராளம். பாயிண்டுக்கு நடுவே மெல்லிய தாளைச் செருகி, அது நழுவும் இடத்தைப் பார்ப்பதும் பழைய முறைதான். தாளின் தடிப்பே பாயிண்ட் திறந்த கணக்கில் சேர்ந்துவிடும் என்பது அதில் உள்ள குறை.

எதைப் பயன்படுத்தினாலும், பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டபடி டீ குடிக்கப் போகாதீர்கள். காயில் கொதித்துவிடும், பேட்டரி இறங்கிவிடும்.

பிஸ்டன் 0.8-இல் நிற்கிறது, சாவி போட்டாயிற்று. தட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தட்டு கையால் தள்ளினால் நகர வேண்டும், தானாக நகரக் கூடாது. எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்கு மனப்பாடம் தேவையில்லை. சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றியபோது கேம் எந்தத் திசையில் சுழன்றது என்று பார்த்திருப்பீர்கள். அந்தத் திசைக்கு எதிராகத் தட்டைத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிடார்ட்.

முதலில் ரிடார்ட் பக்கம் தட்டைத் திருப்பி பல்ப் அணைவதைப் பாருங்கள். பிறகு அட்வான்ஸ் பக்கம் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, பல்ப் எரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றி இறுக்குங்கள். கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால் தட்டில் ஒரு டிகிரி என்பது கிராங்கில் இரண்டு டிகிரி. தட்டின் குறுக்களவு 5 செ.மீ. என்று வைத்தால், விளிம்பில் ஒரு மி.மீ. நகர்த்துவது கிராங்கில் நாலரை டிகிரி. 'கொஞ்சம்' திருப்பினேன் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பத்து டிகிரி திருப்பியிருப்பார்கள்.

இறுக்கிய பிறகு சக்கரத்தைப் பின்னால் கொண்டுபோய், முன்னோக்கிச் சுழற்றி, பல்ப் எரியும் இடத்தில் கம்பியை அளந்து பாருங்கள். இதை மூன்று தடவை செய்யுங்கள். மூன்றும் 0.1 மி.மீ.க்குள் ஒத்துவந்தால் வேலை முடிந்தது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அளவு வந்தால் பாயிண்ட் கேமின் ஷாஃப்ட் சுழலும் புஷ் (bush, உள்வளையம்) தேய்ந்திருக்கிறது. பாயிண்ட் திறந்திருக்கும்போது ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், இடைவெளி கண்ணுக்குத் தெரிய மாறினால் உறுதி. புஷ் மாற்றாமல் அந்த வண்டியில் டைமிங் நிற்காது.

தட்டில் ஸ்க்ரூ நகரும் வெட்டு முடியும் வரை திருப்பியும் பல்ப் சரியான இடத்தில் எரியவில்லை என்றால், உள்ளே டைமிங் கவரைத் திறந்து வேலை பார்த்தவர் பல்சக்கரத்தை இடம் மாற்றிப் பூட்டியிருக்கிறார். வெட்டை அரத்தால் ராவி நீட்டுவது தீர்வல்ல, கவரைத் திறந்துதான் ஆக வேண்டும்.

பல்போ முள்ளோ அசையவே இல்லையென்றால்

முள் எப்போதும் டிஸ்சார்ஜிலேயே நிற்கிறது, பல்ப் எரிவதே இல்லை: பாயிண்ட் டெர்மினலில் ஃபைபர் வாஷர்கள் வரிசை மாறிப் போடப்பட்டிருக்கும், அல்லது ஒயர் வீட்டின் விளிம்பில் உரசி உடலைத் தொடுகிறது. பாயிண்ட் மாற்றிய மறுநிமிடம் வண்டி செத்துப்போனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த வாஷர்கள். கண்டென்சர் ஷார்ட் ஆனாலும் இப்படித்தான் காட்டும். அதன் ஒயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முள் டிஸ்சார்ஜ் பக்கம் வரவே இல்லை, பல்ப் எரிந்தபடியே இருக்கிறது: பாயிண்ட் முகங்கள் தொடவில்லை. எண்ணெய், தூசி, அட்டைத் துணுக்கு ஏதோ நடுவில் இருக்கிறது. பல்பும் எரியாமல் முள்ளும் அசையாமல் இருந்தால் காயிலுக்கே கரண்ட் வரவில்லை.

சாலையில்

பிளக் இடைவெளி 0.5 முதல் 0.6 மி.மீ. வைத்துப் பூட்டுங்கள். முதல் கிக் போடும்போது காலைத் தளர்வாக வைக்காமல், டிகம்ப்ரஸர் பிடித்து உச்சி தாண்டிய பிறகே முழு உதை. கிக்கர் திருப்பி அடித்தால் உடனே நிறுத்தி மறுபடி அளக்கவும்.

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு மேடான ஒரு சாலையில் டாப் கியரில் 40-இல் போய்க்கொண்டே த்ராட்டிலை முழுதாகத் திறந்துவிடுங்கள். 'டிங் டிங்' வந்தால் தட்டை விளிம்பில் கால் மி.மீ. ரிடார்ட் பக்கம் நகர்த்துங்கள், அது கிராங்கில் ஒரு டிகிரிக்குச் சற்றுக் கூட. இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் குறைவு, இன்றைய பங்க் பெட்ரோலில் சரியான டைமிங்கில் சத்தம் வரக் கூடாது. 0.8-இல் துல்லியமாக வைத்தும் சத்தம் வந்தால் ஹெட்டில் கரி படிந்திருக்கிறதா, ஆட்டோ அட்வான்ஸ் ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறதா, கார்புரேட்டர் வறட்சியாக ஊட்டுகிறதா என்று பாருங்கள். அந்தக் குறைகளை மறைக்க டைமிங்கைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனால் எக்ஸாஸ்ட் வால்வுதான் எரியும்.

சத்தமும் இல்லை, இழுவையும் நன்றாக இருக்கிறது, ஸ்லோவில் நின்று நிதானித்து அடிக்கிறது என்றால் தட்டுக்கும் வீட்டுக்கும் சேர்த்துப் புதிதாக ஒரு கீறல் போட்டு, பழைய கீறலைத் தேய்த்துவிடுங்கள். மூடியின் கேஸ்கெட் கிழிந்திருந்தால் புதிது போட்ட பிறகே மூடவும், மழைத்தண்ணீர் முதலில் இறங்குவது அந்த வழியாகத்தான். அடுத்து பாயிண்ட் இடைவெளியைப் பார்க்க வேண்டியது 500 கி.மீ.யில், அதன் பிறகு 3000 கி.மீ.க்கு ஒரு தடவை.